நஞ்சப்பன் மீசையும் மஞ்சள் பெட்டியும்

குருவிமலை அடிவாரத்தில் ஒரு ரைஃபிள் கிளப் இருந்தது. அங்கே சுடக் கற்றுக்கொடுத்தவர் பெயர் செல்லக்கிளி. வயது முப்பதைத் தாண்டி ஒன்றிரண்டு இருக்கும். நரைத்த தலைகளும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டன.

ஒருமுறை எரிகிற ஊதுபத்தியின் நுனி நெருப்பை மட்டும் சுட்டு அணைத்தாராம். போன புகை திரும்பி வந்து, யார் சுட்டது என்று பார்த்துவிட்டுப் போனதாம். அந்தப் பக்கத்து ஆட்கள் பொய் சொல்ல மாட்டார்கள். கொஞ்சம் சேர்த்துச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

கிளப் கொட்டகையின் கூரையில் ஒரு காக்கை குடியிருந்தது. மாஸ்டர் சுடும்போது அது தூங்கும். மற்றவர்கள் துப்பாக்கியை எடுத்தால் பக்கத்து ஊருக்குப் போகும். நஞ்சப்பன் எடுத்தால் பக்கத்து மாவட்டத்துக்குப் போய்விடும்.

நஞ்சப்பன் நூல் மில்லில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மிஷின்மேல் ஒரு பஞ்சுத்தூசி இருந்தாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. மீசை மட்டும் பெரிய மீசை. பக்கத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தால் உருளாது.

அந்த மீசைக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

பேத்தியின் காதுகுத்துப் பந்தியில், பக்கத்து இலையிலிருந்த சம்பந்தி சின்னமணி ஆரம்பித்துவைத்தார்.

"ஏனுங் சம்பந்தி, துப்பாக்கி வாங்கியிருக்கீங்களாமா? சோளக்காட்டுல குருவி ஓட்டறதுக்குங்களா?"

நஞ்சப்பனுக்கு ரசம் புரையேறியது.

"கிளப் விழாவுக்கு வாங்க. நூல்ல தொங்கற புளியங்கொட்டையை ஒரே குண்டுல ஒடைச்சுக் காட்டறேன். இல்லீன்னா இந்த மீசை எனக்கு வேண்டாம்."

"சாட்சி இருக்கறவங்கெல்லாம் கையைத் தூக்குங்கப்பா!" என்றார் சின்னமணி. பந்தி முழுக்க எச்சில் கைகள் எழுந்தன.

மறுநாள் காலையிலேயே நஞ்சப்பன் மாஸ்டர் முன்னால் போய் நின்றார். கையில் ஒரு பிளாஸ்க்.

"முதல்ல இதைக் குடிங்க மாஸ்டர். எங்க மருமக போட்ட காபி. சின்னமணி மகதான். அப்பன் வாய்க்கும் மகள் கைக்கும் சம்பந்தமே இல்லீங்க. இந்தக் காபி தவிர வேற காபி எனக்கு எறங்கறதில்லை."

மாஸ்டர் குடித்தார். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை.

"கேக்க வந்ததைக் கேளுங்கய்யா."

"தோட்டாவுலயே எது நல்ல தோட்டாங்க?"

"எந்தத் துப்பாக்கிக்கு?"

"என்ற துப்பாக்கிக்குத்தான்."

"அப்ப அதைக் கேக்காம என்னைக் கேக்கறீங்களே" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் பிளாஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தார்.

நஞ்சப்பனும் துப்பாக்கியையே கேட்டுவிடுவதென்று கிளம்பினார். அவருடையது பாயின்ட் டூ டூ ரைஃபிள். அதற்கான தோட்டா சுண்டுவிரலின் பாதிகூட இருக்காது. அடிப்பக்க விளிம்பில் ஊசி தட்டினால் வெடிக்கும். சின்னப் பொருள்தான், ஆனால் கிடைப்பது குதிரைக்கொம்பு. லைசென்ஸைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கோயம்புத்தூர் போனார், சேலம் போனார், சென்னைக்கே போனார். ஒரு கடையில் "போன மாசம் இருந்துச்சு" என்றார்கள். இன்னொரு கடையில் "அடுத்த மாசம் வரும்" என்றார்கள். நடுவில் இருக்கும் மாதத்தில் தோட்டா விற்கிற கடையைத் தேடித் தேடி, கடைசியில் பச்சைப் பெட்டி ஒன்று, நீலப் பெட்டி ஒன்று, பந்தயத்துக்கென்றே செய்த சிவப்புப் பெட்டி ஒன்று என்று சேர்த்துவிட்டார். கிளப் ஸ்டோரில் எப்போதும் கிடைக்கிற மஞ்சள் பெட்டியையும் போனால் போகிறதென்று வாங்கிக்கொண்டார்.

பிறகு பரீட்சை நடந்தது. முதலில் மஞ்சள். அட்டையில் ஐந்து ஓட்டை விழுந்தது, சொத்துத் தகராறில் பிரிந்த அண்ணன் தம்பி மாதிரி ஆளுக்கொரு மூலையில்.

"தூ!" என்று பெட்டியை ஒதுக்கினார்.

எந்தப் பெட்டியானாலும் குண்டில் மெழுகு பூசியிருக்கும், பெட்டிக்குப் பெட்டி வேறு மெழுகு, தொட்டால் விரலில் ஒட்டும். குழலுக்குள்ளும் கொஞ்சம் ஒட்டும். நஞ்சப்பனுக்கு அது பொறுக்குமா? கம்பியில் துணியைச் சுற்றிக் குழலுக்குள் விட்டு, எண்ணெய் போட்டு, மறுபடி துணி விட்டு, கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரித் துலக்கினார். ஒருத்தர் சாப்பிட்ட இலையில் இன்னொருத்தருக்குப் பரிமாறலாமா என்பது அவர் நியாயம்.

அடுத்து பச்சை. ஐந்து குண்டு, ஐந்து மூலை. (அட்டைக்கு நாலு மூலைதான் உண்டு. ஐந்தாவது கிணற்றுப் பக்கமிருந்த பூசணியில் கிடைத்தது என்று தோட்டக்காரர் இன்றைக்கும் சத்தியம் பண்ணுவார்.) மறுபடி துலக்கல். அடுத்து நீலம், துலக்கல். சிவப்பு, துலக்கல். ஒரு சுற்று முடிந்ததும் மறுபடி மஞ்சளிலிருந்து ஆரம்பித்தார். வாரம் முழுக்க இதே வேலை.

சின்னமணி தினமும் போன் செய்து, "சம்பந்தி, மீசை சௌக்கியமுங்களா?" என்று விசாரித்தார். வேறு யாரையும் விசாரிக்கவில்லை.

விழா நாள் காலையில் கிளப் வாசலில் ஜனம் சேர்ந்துவிட்டது. சின்னமணி தனியாக வரவில்லை, சவரக்கடை மருதாசலத்தையும் கூட்டி வந்திருந்தார். மருதாசலம் புங்கமர நிழலில் நாற்காலி போட்டு, கண்ணாடியை மாட்டி, கிண்ணத்தில் சோப்பைப் போட்டு நுரை கட்ட ஆரம்பித்திருந்தார்.

நஞ்சப்பன் மாஸ்டரிடம் ஓடினார்.

"மாஸ்டர், நாலு பெட்டியும் ஆகாதுங்க. ஒண்ணுகூட உருப்படியில்லை. வேற எதாச்சும் தோட்டா இருந்தாக் குடுங்க."

மாஸ்டர் அவர் பையைப் பார்த்தார். நாலு பெட்டிகளில் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருந்தது மஞ்சள். அதை எடுத்தார்.

"ஐயையோ, அதுதான் மொதல்லயே தோத்ததுங்க."

"துப்பாக்கியைக் குடுங்க."

"இருங்க மாஸ்டர், ஒருக்கா துலக்கிட்டு..."

"அந்தக் கம்பியைக் குடுங்க."

நஞ்சப்பன் கொடுத்தார். மாஸ்டர் அதை மணலில் குத்தி நிறுத்தி, தன் தொப்பியைக் கழற்றி அதன்மேல் மாட்டினார். பிறகு சுடும் மேடையில் படுத்து, எதிரேயிருந்த மண்மேட்டைப் பார்த்துச் சுட்டார். அங்கே அட்டையும் இல்லை, புள்ளியும் இல்லை, வெறும் மண். ஒன்று சுட்டார், இன்னொன்று சுட்டார், சுட்டுக்கொண்டே இருந்தார்.

"பேத்திக்குக் காதுல புண்ணு ஆறிடுச்சுங்களா?"

"ஆறிடுச்சுங்க. மாஸ்டர், தோட்டா தீருது!"

"என்ன தோடு போட்டீங்க?"

"ஜிமிக்கிங்க. மாஸ்டர், காசு போட்டு வாங்குன சாமானுங்க, இப்படி மண்ணுல போடறீங்களே!"

"வேப்பெண்ணெய் தடவுனீங்களா?"

நஞ்சப்பனுக்கு அழுகை வரும்போல் இருந்தது. அங்கே மருதாசலத்தின் கிண்ணத்தில் நுரை விளிம்பைத் தொட்டுவிட்டது. இங்கே பெட்டி பாதிக்குமேல் காலி. குருவே இப்படிச் செய்தால் ஒரு மனுஷன் யாரிடம் போய் முறையிடுவது?

மாஸ்டர் எழுந்தார். துப்பாக்கியை நீட்டினார்.

"இப்பப் போய்ச் சுடுங்க. நடுவுல யார் கூப்பிட்டாலும் வேற பெட்டியைத் தொடாதீங்க."

புளியங்கொட்டை இருபத்தைந்து மீட்டர் தூரத்தில் வெள்ளை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்து பார்த்தால் யாரோ காற்றில் மறந்துவிட்டுப் போன மச்சம் மாதிரி இருந்தது.

நஞ்சப்பன் படுத்தார். மீசை துப்பாக்கிக் கட்டையில் உரசியது. இதுதான் கடைசித் தடவையோ என்று அதை ஒருதரம் நீவிவிட்டுக்கொண்டார். மாஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தினார். பூட்ட மறந்த வீட்டுக் கதவைத் தொடுவதுபோல மெதுவாக விசையைத் தொட்டார்.

சின்னதாக ஒரு சத்தம்.

நூல் ஆடியது. நுனியில் ஒன்றுமில்லை.

முதலில் கத்தியது மருதாசலம்தான். ஜனம் ஆர்ப்பரித்தது. யாரோ நஞ்சப்பனைத் தூக்கினார்கள். உடைந்த கொட்டையின் ஒரு துண்டைப் பொறுக்கி வந்து ஒருவர் காட்ட, நஞ்சப்பன் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கட்டிய நுரையை வீணாக்கக் கூடாதென்று மருதாசலம் சின்னமணியை நாற்காலியில் உட்காரவைத்து அவர் கன்னத்தில் தடவிவிட்டார்.

ஆரவாரம் அடங்கியதும் நஞ்சப்பன் மாஸ்டரிடம் வந்தார். மாஸ்டர் கம்பியின்மேலிருந்த தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நுரை முகத்தோடு சின்னமணியும் பின்னாலேயே வந்து சேர்ந்தார்.

நஞ்சப்பன் தோட்டா எதுவும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, குழலை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிக் கண்ணை வைத்தார். உள்ளே அந்தப் பளபளப்பு இல்லை. மெழுகு மெலிசாகப் படிந்திருந்தது. கை தானாகக் கம்பிக்குப் போய், பாதியில் நின்றது.

"மாஸ்டர், அன்னிக்குக் கண்டபடி போனதும் இதே மஞ்சள் பெட்டிதானுங்க. இன்னிக்கு எப்படீங்க நல்ல தோட்டாவா மாறுச்சு?"

மாஸ்டர் நஞ்சப்பன் பையிலிருந்த பிளாஸ்க்கை எடுத்துத் திறந்து மூடியில் காபி ஊற்றினார்.

"உங்க மருமக கல்யாணமாகி வந்த புதுசுல காபி எப்படீங்கய்யா இருந்துச்சு?"

நஞ்சப்பன் சம்பந்தியைத் திரும்பிப் பார்த்தார். நுரைக்கு நடுவே இரண்டு கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

"அது வந்துங்க..."

"சொல்லுங்க."

"வெந்நீர்ல வெல்லத்தைக் கழுவி ஊத்துன மாதிரி இருந்துச்சுங்க" என்றார் நஞ்சப்பன், தரையைப் பார்த்துக்கொண்டு.

சின்னமணிக்குக் கோபம் வரும் என்று பார்த்தால், அவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"பின்னே? எங்கூட்டுக் காபியே அப்படித்தானுங்க! அன்னைக்கும் அதேதான், இன்னைக்கும் அதேதான். நேத்துக்கூட எம்புள்ளை கையால வாங்கிக் குடிச்சேன். ஒரு பொட்டு மாறலை."

கூரையில் காக்கை தூங்கிக்கொண்டிருந்தது.

மாஸ்டர் காபி மூடியை நஞ்சப்பன் கையில் கொடுத்தார்.

"அப்ப மாறுனது காபிங்களா, நாக்குங்களா?"