புகார் வராத பகுதி

மாசிலாமணிக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். அன்று கழுத்து வரைக்கும் சிவந்திருந்தது.

மடிக்கணினியைக் கையில் இடுக்கிக்கொண்டு டெல்பின் டீச்சர் வீட்டு மாடி அறைக்குள் நுழைந்தார். டீச்சர் அவரைவிட இளையவர். ஆனாலும் மாசிலாமணி வங்கி வேலையை விட்டுவிட்டு அவரிடம் நிரல் எழுதக் கற்றுக்கொள்ள வந்த நாளிலிருந்து அவருக்கு இவர் டீச்சர்தான். இவருக்கு அவர் அண்ணாச்சி. தூத்துக்குடியில் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

டீச்சர் ஆரம்பித்த மென்பொருள், ஒரு வகை வீடியோவை இன்னொரு வகையாக மாற்றித் தரும். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எழுதியிருப்பதைப் பார்க்கலாம், திருத்தலாம். ஊர் உலகமெல்லாம் அதற்கு ஆள் உண்டு. அடுத்த பதிப்பின் பொறுப்பு முதல்முறையாக மாசிலாமணியிடம் வந்திருந்தது. மனுஷன் ஒரு வருஷம் மாடாக உழைத்தார். மாற்றும் வேகத்தை இரண்டு மடங்காக்கினார். இனி என்னென்ன வசதி வரப்போகிறது என்று பெருமையாக ஒரு அறிவிப்பும் எழுதி வைத்தார்.

அந்த வேகத்துக்காக ஒன்றைத் தூக்கிவிட்டார். பழைய கேசட் கேமராவில் எடுத்த வீடியோக்களைத் திறக்கும் பகுதி அது. அதைச் சுமந்துகொண்டு வேகம் கூட்ட முடியவில்லை. புகார்ப் பக்கத்தைத் தேடிப் பார்த்தார். பல வருஷமாக அதைப் பற்றி ஒரு குறையும் இல்லை. சரி, சீந்துவார் இல்லை என்று முடிவுகட்டி, யாரையும் கேட்காமல் அழித்துவிட்டார்.

சோதனைப் பதிப்பு முந்தின நாள் வெளியானது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். கல்யாண வீடியோ திறக்கவில்லை என்று ஒருவர், செத்துப்போன அப்பாவின் குரல் அதில்தான் இருக்கிறது என்று இன்னொருவர். காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு ஆசிரியை எழுதியிருந்தார். சைகைப் பாடங்கள் எல்லாம் பழைய கேசட்டில் இருக்கின்றன, திங்கட்கிழமை வகுப்புக்கு நான் என்ன செய்ய என்று கேட்டிருந்தார். மற்றவர்கள் கேட்கவில்லை, ஏசினார்கள். ஒருவன் மாசிலாமணியின் அம்மாவையே இழுத்திருந்தான்.

"பள்ளிக்கூடத்து அம்மாவுக்குப் பதில் போட்டீங்களா?" என்றார் டீச்சர். அவர் முகமும் நன்றாக இல்லை.

"போடலை. போடவும் மாட்டேன்."

அப்புறம் அவரை யார் நிறுத்துவது? ஓசியில் வாங்கித் தின்கிற கூட்டத்துக்கு இவ்வளவு வாயா என்று கத்தினார். புகார்ப் பக்கத்தையே இழுத்து மூடப் போகிறேன் என்றார். அந்தப் பகுதியைத் திரும்பச் சேர்த்தால் தன் ஒரு வருஷ உழைப்பும் மண்ணாய்ப் போகும், சேர்த்தே ஆகவேண்டும் என்றால் இன்றோடு ஒரு கும்பிடு, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன் டீச்சர். இத்தனை வருஷம் வாயே திறக்காத ஆளுக்கு அது வேணும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

டீச்சர் எழுந்து போய் மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மாசிலாமணி அதைக் கவனிக்கவில்லை. ஒவ்வொரு ஏச்சாக வாசித்துக் காட்டிக்கொண்டே போனார். மேலே தகரக் கூரை, வெளியே சித்திரை வெயில். சட்டை முதுகோடு ஒட்டியது. நெற்றி வேர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

வந்ததே கோபம்! தான் வயிறெரிந்து பேசிக்கொண்டிருக்கிறபோது இது என்ன விளையாட்டு என்று டீச்சர் மேலேயே பாய்ந்தார். வயதுக்காவது ஒரு மரியாதை வேண்டாமா என்றார். மூச்சு வாங்கியது அவருக்கு.

"எதுக்கு டீச்சர் ஃபேனை நிறுத்துனீங்க?"

"உங்களுக்கு வேண்டாம்னு நெனச்சேன் அண்ணாச்சி. வந்ததுலேருந்து அதைப் பத்தி நீங்க ஒரு வார்த்தை சொல்லலியே."