முடியலை என்ற ஒரே சொல்

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் மாட்டுத் தரகர் நாச்சிமுத்து. பல வருடங்களாக இதை நான் முழுதாக நம்பியதில்லை. எந்த இடத்தில் நம்பிக்கை விட்டுப்போகிறது என்பதும் வெகுகாலம் பிடிபடவில்லை. மாடு பேசியது என்பதில் எனக்குச் சிரமமில்லை. அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் மாட்டுக்கும் மனிதனுக்கும் ஒரே பேச்சு. ஓய்ந்துபோனால் சொல்ல இருவருக்கும் ஒரே சொல்தான் இருந்தது: "முடியலை." மாடு அதைச் சொல்லிவிட்டால் நுகத்தடியை இறக்கிவிட வேண்டும். நிழலில் கட்டி, பருத்திக்கொட்டை ஆட்டி வைக்க வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. அது வழக்கம்.

குப்பாண்டி என்ற உழவன் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்துப் பயிர் செய்துவந்தான். மயிலை, காரி என்று இரண்டு மாடுகள் சரிவில் இறங்கி வடத்தை இழுக்கும். சால் என்ற தோல்வாளி நிறையத் தண்ணீர் மேலே வரும். பிறகு மாடுகள் பின்னோக்கிக் கால் வைத்தே கிணற்றோரம் ஏற வேண்டும். ஒன்பது வருடம் மயிலையும் காரியும் இப்படி இறங்கி ஏறின. காரி ஒரு காலைத் தாங்கி நடக்கத் தொடங்கியதும் குப்பாண்டி அதைச் சந்தையில் விற்று, செவலை ஒன்றை வாங்கி வந்து மயிலையோடு பூட்டினான்.

அடுத்த நாளே மயிலை, "முடியலீங்க" என்றது.

"நாலு நடைகூட வரல. அதுக்குள்ளயா?" என்று செவலை சிரித்தது. "எங்க ஊர்ல கெழட்டுப் பசுகூட இதவிட நல்லா நடக்கும்."

குப்பாண்டி வழக்கப்படி அவிழ்த்துவிட்டான். மறுநாளும் மயிலை அதையே சொன்னது. அதற்கு மறுநாளும் சொன்னது. மிளகாய் நாற்று தலை தொங்கிவிட்டது. அந்த வருடம் வீட்டில் சோறு என்றால் அந்த மிளகாய்தான்.

"வெச்ச கொட்ட தொட்டியிலயே கெடக்குதுங்க," என்றாள் அவன் மனைவி செல்லாயி. "மோந்துகூடப் பாக்கல."

"பசியில்லாத மாட்டுக்கு என்ன முடியாமப் போச்சு? மூணு நாளா நெழல்லதான நிக்குது? ஏமாத்துது."

நான்காம் நாள் மயிலை சொல்லச் சொல்ல அவன் நுகத்தடியை அதன் கழுத்தில் ஏற்றினான். அதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை.

இரண்டாம் நடையில் மயிலை சரிவின் நடுவே படுத்துவிட்டது. வடம் தொய்ந்து சால் கிணற்றுக்குள் விழுந்தது. குப்பாண்டி சாட்டையை ஓங்கினான். செவலைதான், "அடிக்காதீங்க, அது எந்திரிக்காது" என்றது. அதன் குரலில் இப்போது கேலி இல்லை.

குப்பாண்டி பக்கத்தில் உட்கார்ந்தான். "என்னதான் உனக்கு? கால் வலியா?"

"காலு நல்லாத்தான் இருக்குதுங்க."

"பின்ன?"

"பக்கத்துல திரும்பிப் பாத்தா காரி இல்லீங்க. நீங்க நெழலக் குடுத்தீங்க, கொட்டயக் குடுத்தீங்க. ஏன்னு கேக்கவே இல்ல."

மயிலை பேசியது அவ்வளவுதான். அன்று பொழுது சாயும் முன் அது இறந்துபோனது. நாற்றும் தப்பவில்லை. சொல்லியும் இழுக்கத்தான் வேண்டும் என்றால் சொல்வானேன் என்று செவலை வாயை மூடிக்கொண்டது. மற்ற மாடுகளும் அப்படியே.

ஊரார் கூடிப் பேசினார்கள். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கொடுத்ததுதான் பிசகு என்றார்கள். வேலையால் வருவதைக் களைப்பு என்றார்கள், அது நிழலில் தீரும். உடம்பு கனத்துக் கிடப்பதை அசதி என்றார்கள், அது தூங்கினால் போகும். ஒரே தடத்தில் நடந்து நடந்து வெறுத்துப்போவது சலிப்பு. நிழலும் தூக்கமும் தீனியும் தீர்க்காத ஒன்று மிஞ்சியது. அதற்குச் சோர்வு என்று பேர் வைத்தார்கள். மாடுகள் வாய் திறக்காமல் போனதும், நமக்கு மட்டும் இத்தனை சொற்கள் சேர்ந்ததும் அந்த நாளிலிருந்துதான்.

கதை இங்கே முடிகிறது. முடிக்கும்போதெல்லாம் நாச்சிமுத்துக்கு ஒரு திருப்தி வரும். எனக்கு வராது. பேர் வைத்த மனிதர்கள் கைகழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவதுபோலத் தோன்றும். நானும் பேர் வைப்பதோடு நிறுத்திக்கொண்டவன்தானா என்று யோசித்திருக்கிறேன். போன மாதம் சந்தைக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவரிடம் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்கண்ணா, பேரு வெச்சதெல்லாம் சரி. காரி எங்க இருக்குதுன்னு யாராச்சும் தேடிப் போனாங்களா?"