விற்பவருக்கு இல்லை என்றொரு விதி

திருவேங்கடம் தொலைபேசித் துறையில் முப்பது வருடம் இருந்துவிட்டு விருப்ப ஓய்வில் வந்தவர். அதன் பிறகுதான் மதுரையில் ஒரு பாலிடெக்னிக் ஆசிரியையிடம் நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். ஆசிரியையின் பெயர் மெஹ்ருன்னிசா. திருவேங்கடத்தைவிடப் பதினெட்டு வயது இளையவர்.

நொச்சி என்ற இயங்குதளத்தைத் தொடங்கியவர் அந்த ஆசிரியைதான். கணினியை இயக்கும் அந்த மென்பொருளை யாரும் இலவசமாக எடுக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். அதில் பிரிண்டர்களை ஓடவைக்கும் பகுதி ஏழு வருடமாகத் திருவேங்கடத்தின் பொறுப்பு; அதற்கு வெளியார் அனுப்பும் திருத்தங்களைப் பார்த்துச் சேர்ப்பதும் அவர்தான்.

ஒரு சனிக்கிழமை காலை அவர் ஆசிரியையின் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று பேசினார்.

"டீச்சர், டிக்கெட் மெஷின் செய்யற ஒரு கம்பெனிக்காரன் நொச்சியை உள்ள போட்டு விக்கிறான். இப்ப என் பகுதிக்குத் திருத்தம் அனுப்ப ஆறு இன்ஜினியரைச் சம்பளத்துக்கு வச்சிருக்கான்."

"திருத்தமெல்லாம் எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. அதான் பயமா இருக்கு."

"என்ன செய்யலாம் சார்?"

"விக்கிறவனுக்கு நொச்சி கிடையாதுன்னு ஒரு விதி போடுங்க. இல்லன்னா என்னை விட்டுடுங்க."

ஆசிரியை ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து நீட்டினார்.

"நீங்களே எழுதுங்க. எழுதினபடியே போட்டுடறேன்."

திருவேங்கடம் சுவரில் தாளை வைத்து ஒரே வரி எழுதினார். 'நொச்சியை வைத்துப் பணம் பண்ணுகிற எவரும் இதைப் பயன்படுத்தக் கூடாது.' எழுதி முடித்ததும் நெஞ்சு லேசானது.

"சரி. போடறதுக்கு முன்னாடி ஒருத்தர்கிட்ட படிச்சுக் காட்டிட்டு வந்துடுவோம்."

இருவரும் திண்டுக்கல் பஸ் ஏறினார்கள்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மாடிப்படிக்குக் கீழே ஸ்டெல்லாவின் கடை. பழைய கணினிகளை வாங்கி, சரிசெய்து, நொச்சியை ஏற்றி விற்பது அவள் பிழைப்பு. தன் இரண்டு மகள்களையும் அதில்தான் படிக்கவைத்தாள்.

"வாங்க டீச்சர்! சார் யாரு?"

"நொச்சியில பிரிண்டர் ஓடுதே, அது இவர் வேலை. உன்கிட்ட ஒண்ணு படிச்சுக் காட்டணும்னு வந்திருக்கார்."

ஸ்டெல்லா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அது நீங்கதானாய்யா? ஒரு ஸ்கூலுக்கு இருபது மெஷின் குடுத்தேன். பிரிண்டர் ஒண்ணுகூட மக்கர் பண்ணல. உட்காருங்க, டீ சொல்றேன்."

அவள் தெருவுக்குப் போனாள். திருவேங்கடம் தாளைப் பிரித்து, தனக்குள்ளேயே ஒருமுறை படித்தார். பேனாவை எடுத்து, 'சிறு கடைகள் தவிர' என்று கீழே சேர்த்தார்.

ஆசிரியை எட்டிப் பார்த்தார்.

"எதுவரைக்கும் சிறுசு சார்?"

அவர் தாளை மடித்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

டீ வந்தது.

"என்னமோ படிச்சுக் காட்டணும்னு சொன்னாங்களேய்யா?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மா கடையைப் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் தாளை நாலாகக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். பஸ் வாடிப்பட்டியைத் தாண்டியபோது சொன்னார்.

"விதி வேண்டாம், டீச்சர். ஆனா பயம் போகல. இன்னைக்கு ஆறு பேரு. நாளைக்கு அறுபது பேரு வந்து நம்ம நாற்காலியிலயெல்லாம் உட்கார்ந்துட்டா?"

"உட்காரட்டும் சார். நீங்க எழுந்து போயிடாதீங்க."