கரி தேய்க்காத சுவடி

மருதங்கோட்டை மன்னர் வீரகேசரி ஒரு கலாசாலை நடத்திவந்தார். அங்கே முதுநிலைப் பட்டம் வேண்டுமென்றால் ஆய்வேடு எழுத வேண்டும். தொண்ணூற்றாறு ஓலை. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நெறியாளர் படித்து ஒப்பமிட்டால் பட்டம். பன்னிரண்டு முறை திருப்பிவிட்டால் மாணவனின் பெயரை அடித்துவிடுவார்கள்.

நெறியாளர் ஆதிமூலனாரிடம் நாற்பத்தொரு மாணவர்கள். அவர்களில் வெண்காடன் என்பவன் ஏரி மடைகளைப் பற்றி எழுதினான். பதினொரு முறை கொடுத்தான். பதினொரு முறையும் முதல் ஓலையின் ஓரத்தில் ஒரே குறிப்போடு திரும்பி வந்தது: "இன்னும் ஆழம் வேண்டும்." ஏழாவது முறைக்குப் பிறகு அவன் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. குறிப்பும் மாறவில்லை.

அவன் மன்னரிடம் முறையிட்டான். மன்னர் ஆதிமூலனாரைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"வரி வரியாகப் படித்தேன், மன்னா. பதினொரு தடவையும்."

அவர் போனதும் மன்னர் அவைப் புலவன் பூவணனைப் பார்த்தார். "உண்மையைக் கண்டுபிடி. ஆனால் அவர் பெரிய மனிதர். அவர் பொய் சொல்கிறார் என்று என் அவையில் யாரும் சொல்லக் கூடாது. நீயும்தான்."

"சரி, மன்னா" என்றான் பூவணன்.

ஓலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்து சும்மா பார்த்தால் தெரியாது. விளக்குக் கரியைத் தேய்த்தால்தான் தெரியும். பூவணன் வெண்காடனிடம் சொன்னான்: "புது ஓலையில் எழுது. முதல் ஓலைக்கு மட்டும் கரி தேய். மற்றதை அப்படியே கட்டிக் கொடு."

"ஐயா, இது பன்னிரண்டாவது முறை. என் பெயர் போய்விடும்."

"தேய்த்துக் கொடுத்தால் மட்டும் நிற்குமா?"

வெண்காடன் கொடுத்தான். சுவடி திரும்பி வந்தது. "இன்னும் ஆழம் வேண்டும்."

அவை கூடியது. பூவணன் சுவடிக் கட்டை அவிழ்த்து மன்னரிடம் நீட்டினான். மன்னர் இரண்டாம் ஓலையைத் திருப்பினார். ஐம்பதாம் ஓலையையும் திருப்பினார்.

"நெறியாளரே, இதில் எழுத்தே தெரியவில்லையே?"

ஆதிமூலனார் கொஞ்சமும் அசரவில்லை. "பழகிய கண்ணுக்குக் கரி எதற்கு, மன்னா? எனக்கு நன்றாகத் தெரிந்தது."

அவையில் யாரோ இருமினார்கள். பூவணன் கைகூப்பினான். "நான் அப்படியே நம்புகிறேன், மன்னா. இப்படி ஒரு கண்ணைத்தான் பல வருடமாகத் தேடுகிறோம். அரண்மனைச் சுவடி அறையில் கரி அழிந்துபோன சுவடிகள் நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு கிடக்கின்றன. யாராலும் படிக்க முடியவில்லை. நெறியாளரே, ஒரு சுவடியைப் படிக்க உங்களுக்கு எத்தனை நாள் ஆகும்?"

"ஒன்பது நாள்" என்றார் ஆதிமூலனார், யோசிக்காமல்.

பூவணன் விரல்விட்டு எண்ணினான். "நூற்றுநான்கு வருடத்துக்குப் பதினாறு நாள் குறைவு. இன்றே அறைக்குள் உட்கார்ந்துவிட்டால் நல்லது. சாப்பாடு உள்ளேயே வந்துவிடும்."

"நல்ல யோசனை" என்றார் மன்னர். "சாவியைக் கொண்டு வாருங்கள்."

சாவி வந்தது. ஆதிமூலனார் அதைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"மன்னா, நான் முதல் ஓலையைத் தாண்டியதே இல்லை."

"யாருடையதில்?"

"நாற்பத்தொரு பேருடையதிலும்."

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். சுவடியை வேறொரு புலவரிடம் கொடுத்தார். அவர் கரி தேய்த்து நான்கே நாளில் படித்து முடித்தார். முப்பத்தெட்டாம் ஓலையில் ஒரு மடை கணக்கில் விட்டுப்போயிருந்தது. வெண்காடன் திருத்தினான். பட்டம் கிடைத்தது.

பூவணனுக்கு மன்னர் ஒரு பட்டுச் சால்வை போர்த்தினார். "ஆனாலும் அவரைப் பொய்யர் ஆக்கிவிட்டாயே?"

"நானா, மன்னா? அந்த அவையில் அவரை நம்பியவன் நான் ஒருவன்தான்."