திருப்பிச் செதுக்கிய சாத்தூர் பஸ்

எங்கள் ஊரில் அறிவாளிகள் நிறைய. அவர்களை விட்டுப் பிரிய ஊருக்கு மனமில்லை. அதனால் மரப்பலகையில் படம் செதுக்கி அச்செடுக்கும் கலையைப் படித்துவர ஜப்பானுக்கு எங்கள் மூவரையும் அனுப்பினார்கள்.

நான் கோவில்பட்டியில் டிராயிங் மாஸ்டர். சேவுகனும் இருதயராஜும் கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவர்கள். சேவுகன் ஆறு வாரம் ஜப்பானிய மொழி படித்திருந்ததால் அவன்தான் மொழிபெயர்ப்பாளன். கடைசி நாள் கண்காட்சியில் யார் படம் சுவரில் தொங்குகிறதோ அவருக்குத்தான் சான்றிதழ். அது இல்லாமல் திரும்பினால் என் வகுப்புகளை பி.டி. மாஸ்டரிடம் கொடுத்துவிடுவதாகத் தலைமை ஆசிரியர் சொல்லியிருந்தார்.

முதல் நாள் ஆசிரியர் மொரிதா காகிதங்களை நனைத்து அடுக்கிவிட்டு ஏதோ சொன்னார்.

"ரெண்டு மணி நேரம் காகிதத்தைத் தூங்க விடணுமாம்," என்றான் சேவுகன்.

விளக்கை அணைத்துவிட்டு நுனிக்காலில் நடந்தோம். மொரிதா தும்மினார். இருதயராஜ் அவரைப் பார்த்து, "உஷ்!" என்றான்.

அடுத்தது செதுக்கல்.

"கோட்டை விட்டுரணுமாம்," என்றான் சேவுகன்.

"கோட்டை விடுறதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்? அதை ஊர்லயே நல்லாச் செய்வோமே," என்றான் இருதயராஜ்.

"குரு சொன்னா காரணம் இருக்கும்," என்றேன் நான்.

கோடுகளை வைத்துக்கொண்டு மற்றதைச் செதுக்கி எடுக்கவேண்டும் என்பதுதான் அவர் சொன்னது. நாங்களோ ஒரு கோட்டையும் விடாமல் சுரண்டிக் கோட்டை விட்டோம். காகிதமெல்லாம் ஒரே கறுப்பு.

மிஞ்சியது ஒரே பலகை. என் வேலைக்கு ஆபத்து என்பதால் இருவரும் அதை எனக்கே கொடுத்துவிட்டார்கள். சாத்தூர் பஸ்ஸின் முன்பக்கத்தைப் பெயர்ப்பலகையோடு செதுக்கினேன். அச்சில் 'சாத்தூர்' வலமிருந்து இடமாக விழுந்தது.

இருதயராஜ் கவலையோடு பார்த்தான். "மாஸ்டரே, இது சாத்தூருக்குப் போகுதா, சாத்தூர்ல இருந்து வருதா?"

மொரிதா பொறுமையாக ஏதோ சொன்னார். "படத்தைத் திருப்பிச் செதுக்கணுமாம்," என்றான் சேவுகன்.

ஒரு மணி நேரம் ஆலோசித்தோம். "பலகையில பஸ்ஸோட பின்பக்கத்தைச் செதுக்கினா, காகிதத்துல முன்பக்கம் விழும்," என்று நான் தீர்ப்புச் சொன்னேன்.

"இதுக்குத்தான் படிச்ச ஆள் வேணுங்கிறது," என்றான் இருதயராஜ்.

பலகையின் மறுபுறத்தில் மூன்று நாள் கை கொப்பளிக்கச் செதுக்கினேன். கண்காட்சியன்று காலை அச்செடுத்தால், பஸ்ஸின் பின்பக்கமே வந்து நின்றது. மொரிதா அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். அவர் கண் கலங்கியது. தன் கையாலேயே சுவரில் மாட்டிவிட்டுச் சான்றிதழ் எடுத்துவரப் போனார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இருதயராஜுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "அப்ப முன்பக்கம் எங்க போச்சு? தாளுக்கு அந்தப் பக்கம்தானே இருக்கணும்?"

நியாயமாகப் பட்டது. படத்தைக் கழற்றித் திருப்பிப் பார்த்தோம். வெள்ளைத்தாள்.

"டிரைவரைக்கூடக் காணோமே!" என்றேன். எனக்குப் பகீரென்றது.

"டீ குடிக்கப் போயிருப்பாரு," என்றான் சேவுகன்.

டிரைவர் இல்லாத வண்டியை எப்படி மாட்டுவது? படத்தை மடியில் வைத்துக்கொண்டு மூவரும் உட்கார்ந்துவிட்டோம்.

மொரிதா சான்றிதழோடு வந்தார். வெறும் சுவரைப் பார்த்துத் திகைத்தார். பதற்றமாக ஏதோ கேட்டார்.

"படம் எங்கேன்னு கேக்காரு. இப்பவே மாட்டலைன்னா சான்றிதழ் கிடையாதாம்," என்றான் சேவுகன்.

"இவர் என்னய்யா இப்படி அவசரப்படுறாரு?" என்றேன். "அஞ்சு நிமிசத்துல வண்டியை எடுத்துருவாங்கன்னு சொல்லு."