அக்கரைக்குப் போக முடியாத முள்ளம்பன்றி

ஒரு காட்டை ஓர் ஆறு இரண்டாகப் பிரித்து ஓடியது. குறுக்கே விழுந்து கிடந்த பெரிய மருதமரம்தான் எல்லா விலங்குகளுக்கும் பாலம். ஒரு மழைக்காலத்தில் வெள்ளம் அந்த மரத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது.

இக்கரையில் ஒரு முள்ளம்பன்றி இருந்தது. அதன் ஒரே தங்கை அக்கரையில் மாட்டிக்கொண்டது.

அரசனான சிங்கத்துக்குப் புதுப் பாலம் போடச் சோம்பல். அது காட்டெருமையை அழைத்தது.

"இனி எல்லோரையும் நீதான் முதுகில் ஏற்றி அக்கரை சேர்க்க வேண்டும். பதிலுக்கு ஆற்றோரப் புல்வெளி முழுவதும் உனக்கு."

எருமை ஒப்புக்கொண்டது. மான் போனது, முயல் போனது, கீரியும் போனது. முள்ளம்பன்றியைக் கண்டதும் எருமை பின்வாங்கியது.

"உன் முள் என் முதுகில் குத்தும். உன்னை ஏற்ற மாட்டேன்."

முள்ளம்பன்றி சிங்கத்திடம் ஓடியது.

"அந்த வேலையை எருமையிடம் கொடுத்துவிட்டேன். அதனிடமே கேள்" என்றது சிங்கம்.

"எல்லோரும் என்றால் முள் உள்ளவர்களுமா? அரசரிடம் கேட்டு வா" என்றது எருமை.

மாலைதோறும் முள்ளம்பன்றி கரையில் நின்று, "தங்கச்சீ!" என்று கூப்பிடும். அக்கரையிலிருந்து ஏதோ பதில் வரும். ஆற்றின் இரைச்சலில் ஒரு சொல்லும் புரியாது. ஆனாலும் இருட்டும்வரை அங்கேயே நிற்கும்.

ஒருநாள் அக்கரை போய்த் திரும்பிய முயல், "அக்கா, உன் தங்கைக்கு இரண்டு குட்டிகள் பிறந்திருக்கின்றன! 'அக்கா எப்போது வருவாள்' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்" என்றது.

அன்று முள்ளம்பன்றிக்கு இரை இறங்கவில்லை.

மறுநாள் சிங்கம் நீர் குடிக்க ஆற்றுக்கு வந்தது. அது பார்க்கும்படியாக முள்ளம்பன்றி எருமையின் முன் போய்த் தலைவணங்கியது.

"மகாராஜா, என்னையும் அக்கரை சேர்க்க உத்தரவிட வேண்டும்."

சிங்கம் கர்ஜித்தது. "யாரை மகாராஜா என்கிறாய்?"

"யார் ஆற்றைக் கடக்கலாம், யார் கடக்கக் கூடாது என்று முடிவு செய்பவர்தானே ஐயா அரசர்? இங்கே அது இவர்தான்."

சிங்கத்துக்குச் சுருக்கென்றது. "எருமையே, மூங்கில் தெப்பம் ஒன்று கட்டித் தரச் சொல்கிறேன். அதை நீ இழுத்துப் போ. ஒருவரையும் விடக் கூடாது. தினமும் நானே வந்து பார்ப்பேன்."

தெப்பம் தயாராகப் பத்து நாள் ஆயிற்று. முள்ளம்பன்றி அக்கரையில் இறங்கியதும் தங்கை ஓடிவந்தது. இரண்டும் மூக்கோடு மூக்கு உரசி அழுதன.

"குட்டிகள் எங்கே?"

புதருக்குள் இருந்த குட்டிகள் பெரியம்மாவைக் கண்டு மிரண்டு, முட்களைச் சிலிர்த்தன. பிறந்தபோது பஞ்சுபோல் இருந்த முட்கள் அதற்குள் இறுகிப்போயிருந்தன.

"அன்றைக்கே தொட்டுப் பார்த்திருக்க வேண்டும் அக்கா, அவ்வளவு மெத்தென்று இருந்தன" என்றது தங்கை.

நீதி: பொதுவேலையைப் பிறரிடம் ஒப்படைத்தாலும், அதன் பொறுப்பு ஆள்பவரை விட்டு நீங்காது.