பணியாளர் என்றொரு சொல்

நல்லசிவம் அரசவையில் சட்டம் எழுதுகிறவர். தலை நரைத்தவர். தம்மைவிட இளையவரான வேலப்ப அடிகளைக் குருவாக ஏற்றிருந்தார்.

ஒருநாள் காலையில் மடத்துக்கு மகிழ்ச்சியோடு வந்தார். நாட்டில் அடிமைமுறை ஒழிந்துவிட்டது என்றார். சட்டத்தில் 'அடிமை' என்று இருந்த இடத்திலெல்லாம் 'பண்ணைப் பணியாளர்' என்று தாமே மாற்றி எழுதிவிட்டதாகச் சொன்னார்.

அடிகள் தலையசைத்தார். மடத்து வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த மாடத்தியைக் கூப்பிட்டார். அவள் மகள் சிவந்தியை விலைக்கு வாங்கிப்போன பண்ணையார் பக்கத்து ஊரில்தான் இருந்தார்.

"இவளோடு போய் மகளை அழைத்து வாரும்," என்றார்.

பண்ணையார் நல்லசிவத்தை மரியாதையாக உட்காரவைத்து மோர் கொடுத்தார். வந்த காரியத்தைக் கேட்டதும் சிரித்தார். பண்ணையை விட்டுப் போகும் பணியாளரைப் பிடித்துவந்து உடையவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறதே, ஐயா எழுதியதுதானே என்று கேட்டார். பழைய விதி அது. அதில் நல்லசிவம் ஒரு சொல்லைத்தான் மாற்றியிருந்தார்.

தொழுவத்துப் பக்கம் நின்ற சிவந்தி தாயைப் பார்த்தாள். பண்ணை ஆட்கள் அவளைக் கிட்டே வர விடவில்லை.

மடத்துக்கு வந்ததும் நல்லசிவம் தலைகுனிந்து நின்றார்.

"தப்பான சொல்லைப் போட்டுவிட்டேன், சுவாமி. சரியான சொல் எது?"

"என்னிடம் ஏன் கேட்கிறீர்? அவளிடம் கேளும்."

நல்லசிவம் மாடத்தியிடம் போய், மகளை இழந்த அன்று நடந்தது என்ன என்று கேட்டார். அதுவரை அவர் அவளிடம் எதுவுமே கேட்டதில்லை.

"எம்மவள எங் கையிலேருந்து பிடுங்கி வித்தான் ஒருத்தன். தெரிஞ்சே வாங்குனான் இன்னொருத்தன்," என்றாள்.

நல்லசிவம் பழைய சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுத உட்கார்ந்தார். 'மனிதரைப் பிடுங்கியவர், விற்றவர், தெரிந்தே வாங்கியவர், ஓடியவரைப் பிடித்துக் கொடுத்தவர், அனைவரும் குற்றவாளிகள்' என்று தொடங்கினார். பிடித்துக் கொடுத்தவர் என்று எழுதும்போது தாம் சொல் மாற்றிய அந்தப் பழைய விதி நினைவுக்கு வந்தது. அதையும் எழுதினார்.

அவை அதை ஏற்கவில்லை. திருத்திக் கொண்டுவரச் சொல்லி அனுப்பியது. நல்லசிவம் சோர்ந்துபோய் மடத்துக்கு வந்தார்.

"பெரியவர்கள் மனம் புண்படுகிறதாம், சுவாமி. 'பிடுங்கியவர்' என்ற சொல் மிகவும் கடுமையாக இருக்கிறதாம்."

அடிகள் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"பிடுங்கியது எப்படி இருந்ததாம்?"

நல்லசிவம் ஓர் எழுத்தையும் திருத்தாமல், அதே ஓலையோடு அவைக்குத் திரும்பி நடந்தார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு மாடத்தியும் கூடவே நடந்தாள்.